கொச்சிக்கு வந்த அதிதிகள்

பழைய துறைமுகப் பட்டணங்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஹோட்டலில் இறங்கி, வழிகாட்டியின் பின்னால் நடந்து, பொழுது சாய்வதற்குள் ஒரு கோட்டையையும் இரண்டு தேவாலயங்களையும் கண்டு திரும்பிவிடலாம். ஆயினும் கொச்சியைப் பொறுத்தமட்டில், அங்கே குடியிருக்கும் சிநேகிதர் ஒருவரின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிப் பார்ப்பதே முறை என்பது என் அபிப்பிராயம். அந்நகரம் வளர்ந்ததும் வருந்தியதும் வந்த விருந்தாளிகளாலேதான்.

யவனர் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்றதாகச் சங்கப் புலவர் பாடிய முசிறித் துறை, பெரியாற்றின் முகத்துவாரத்தில் பல நூற்றாண்டுகள் புகழோடு விளங்கியது. 1341-ஆம் ஆண்டில் அந்நதியில் பெருகிய வெள்ளம் பழைய துறையை மணலால் தூர்த்துவிட்டு, தெற்கே காயலும் கடலும் கலக்கும் இடத்தில் ஆழமான புதிய வாயிலைத் திறந்துவிட்டது என்று சரித்திராசிரியர் பலரும் கருதுகின்றனர். துறை இடம்பெயரவே வர்த்தகமும், அதன் பின்னால் அரசகுடும்பமும் கொச்சிக்கு இடம்பெயர்ந்தன.

கோழிக்கோட்டில் சாமூதிரி மன்னரோடு பகைத்துக்கொண்டு, அந்நகரின்மீது குண்டு பொழிந்துவிட்டு வந்த போர்த்துகீசியத் தளபதி காப்ரால், 1500-ஆம் ஆண்டின் இறுதியில் கொச்சியில் நங்கூரம் பாய்ச்சியபோது, அவரை இன்முகத்தோடு வரவேற்றார் கொச்சி மன்னர். சாமூதிரியின் மேலாதிக்கத்தைப் பொறுத்துப் பொறுத்துச் சலித்திருந்தவருக்குப் பலம்வாய்ந்த ஒரு நண்பன் தேவைப்பட்டான் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த உபசாரத்தை வெறும் ராஜதந்திரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தம் நகரில் தங்கியிருந்த போர்த்துகீசியரை ஒப்படைத்துவிடுமாறு 1503-இல் சாமூதிரி பெரும்படையோடு வந்து கேட்டபோது, போர்த்துகீசியக் கப்பல்கள் எவையும் துறையில் இல்லை. துணைக்கு வருவார் இல்லை. கைவிட்டிருந்தால் குற்றம் சொல்வாரும் அதிகம் இருந்திரார். அந்நிலையிலும், அடைக்கலமாக இருப்பவரைக் கொடுப்பதில்லை என்று மறுத்து, போரில் தம் குலத்து இளவரசரை இழந்து, நகரையும் இழந்து, அந்த அதிதிகளையும் உடனழைத்துக்கொண்டு, எதிர்க்கரையிலுள்ள வைப்பின் தீவில் போய் ஒதுங்கினார் மன்னர். பின்னர் ஒன்றுவிட்ட சகோதரர்களான அல்புகெர்க்கு தளபதிகள் இருவர் கப்பற்படையோடு வந்து அவரை மீண்டும் சிம்மாசனத்தில் அமர்த்தினர். அந்த உதவிக்குப் பிரதியாக அவர்கள் கேட்டது கோட்டை கட்டிக்கொள்ளச் சிறிது இடம். கொடுத்தார். இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய முதற்கோட்டை இவ்வாறு எழுந்தது. அதன் பிறகு ஏறக்குறைய நான்கரை நூற்றாண்டுகள் கொச்சி அரசர்கள் தம் சொந்தத் துறைமுகத்தில் பிறர் அனுமதியை எதிர்பார்த்தே வாழ நேர்ந்தது.

1530-இல் தலைநகரம் கோவாவுக்கு மாறும்வரை போர்த்துகீசிய ஆட்சிக்குக் கொச்சியே தலைமையிடமாக இருந்தது. மூன்றாம் முறையாக, ராஜப்பிரதிநிதி என்ற பெரும்பதவியோடு இந்தியா வந்த வாஸ்கோ ட காமா, சில மாதங்களுக்குள் இங்கேயே நோயுற்று, 1524-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலமானார். அவருடைய உடலை அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், எலும்புகளைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் தோண்டியெடுத்துப் போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்ட பிறகும், அந்தக் குழியிருந்த இடத்தைச் சுற்றி யாத்திரிகர் கூட்டம் குறைவதில்லை. எனக்கோ அங்கே பார்க்கத் தகுந்தவையாகத் தோன்றியவை சுவர்களில் பதித்திருக்கும் கல்லறைப் பலகைகளே. 1663-இல் போர்த்துகீசியரைத் துரத்திவிட்டுக் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரரின் பலகைகள் ஒரு சுவரிலும், துரத்தப்பட்டவரின் பலகைகள் எதிர்ச்சுவரிலும் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

மட்டாஞ்சேரி அரண்மனை போர்த்துகீசியரால் 1555-ஐ ஒட்டிக் கட்டப்பட்டு மன்னருக்குக் காணிக்கையாக அளிக்கப்பட்டது. கோயிலொன்றைக் கொள்ளையிட்ட தங்கள் ஆட்களின் அடாத செயலுக்குப் பரிகாரமாகவே அதைக் கொடுத்தனர் என்பது வழங்கிவரும் செய்தி. அதன் சுவரோவியங்கள், முக்கியமாக ராமாயணக் காட்சிகள், தனிக் கட்டுரைக்கு உரியவை. அரண்மனைக்கு அடுத்தாற்போல் நிற்பது 1568-இல் எழுந்த யூதர் ஜெபாலயம். கொடுங்கல்லூரில் வாழ வழியற்றுப் புறப்பட்டு வந்த யூதருக்குத் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே, தம் குலதெய்வமான பகவதியின் கோயிலுக்கு அருகிலேயே, நிலம் கொடுத்துக் குடியேற்றினார் கொச்சி மன்னர். 1662-இல், யூதர் டச்சுக்காரருக்கு உதவினர் என்ற சினத்தால் போர்த்துகீசியர் அந்த ஜெபாலயத்தைத் தாக்கிப் பாழாக்கினர். டச்சுக்காரர் வந்தபின் அது புதுப்பிக்கப்பட்டது. தரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வரவழைத்துக் கொடுத்தவர் எசக்கியேல் ரஹபி என்ற யூத வணிகர். இந்த ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்கு 1968-இல் பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்தார். ஆனால் அதற்குள்ளாகவே அங்கிருந்த யூதரில் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தனர்.

கரையோரத்துச் சீன மீன்வலைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால், நான் தங்கியிருந்த வீட்டுச் சிநேகிதர் பொறுக்கமாட்டார். சீனத்துக் கப்பலோட்டிகள் கொண்டுவந்தவை என்போர் ஒரு சாரார். மக்காவ் வழியாகப் போர்த்துகீசியர் கொண்டுவந்தவை என்போர் மற்றொரு சாரார். வலை தொங்கும் நீண்ட மரத்தின்மேல் ஒருவர் நடந்து சென்றாலே அது நீரில் தாழும். மறுமுனையில் கயிறுகளில் கட்டித் தொங்கவிட்ட பாறாங்கற்களின் பாரத்தோடு நாலைந்து பேர் இழுக்க, அது மேலே எழும். நாங்கள் நின்று பார்த்த வேளையில் மீனைவிடப் பாசியே அதிகம் வந்தது.

தமிழருக்கும் இவ்வூரில் பழைய சொந்தம் உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே சமயப்பணி புரிந்த என்றிக் என்றீக்கசு பாதிரியார் தமிழில் மொழிபெயர்த்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579-இல் அச்சேறியது கொச்சியிலேதான். கொல்லத்தில் அவருடைய இன்னொரு தமிழ் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்து அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. அந்த அச்சுக்கூடம் இருந்த சுவடே இப்போது இல்லை. இருப்பது வேறொன்று. கோட்டைப் பகுதியை அடுத்த வெளி என்னும் இடத்திலுள்ள சலவைத்துறையில், தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்து வருகின்றன. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்புகளை வெளுப்பதற்கென்று தங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டனர் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றனர். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி, வேறு பிடிப்பு எதுவுமின்றிக் காற்றில் காயவிடுகிறார்கள். கஞ்சி போட்டு, சிரட்டைக் கரியின் கனலால் சூடேற்றிய பெட்டியால் தேய்க்கிறார்கள். அங்கே பெட்டி போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், என் பேச்சைக் கேட்டதும் தலைநிமிர்ந்து, உள்ளூர்க்காரர் ஒருவர் அசலூராரை விசாரிக்கும் தோரணையிலேயே, “சாருக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்.