உச்ச நியாயஸ்தலமும் அதன் நீதிபதிகளும்

வழக்கு முற்றியவிடத்து, 'சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று பார்த்துவிடுகிறேன்' என்று சூளுரைப்பது நம் நாட்டவர்க்கு இயல்பு. அங்ஙனம் சென்றடையும் மன்றத்தில் வீற்றிருப்போரை அவ்வாசனத்தில் அமர்த்தியவர் யாவர் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆதலின் அவ்வரலாற்றை நேயர்கள் முன் ஈண்டு வைக்கிறோம்.

1937-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சமஷ்டி நியாயஸ்தலத்தின் வழித்தோன்றலாக, 1950-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு திறந்துவைக்கப்பெற்றது. அன்று அமர்ந்த நீதிபதிகள் அறுவர். அவருள் ஒருவராகிய பதஞ்சலி சாஸ்திரியார் சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதியாய் விளங்கியவர். முதற் பிரதம நீதிபதியாகிய ஹரிலால் கனியா 1951-ல் காலஞ்சென்றபின் அப்பதவியை ஏற்றார். இப்பொழுது நீதிபதிகளின் தொகை, பிரதம நீதிபதியையும் சேர்த்து, 34 என வகுக்கப்பட்டுள்ளது.

இவர்களை நியமிப்பவர் ராஷ்டிரபதி. பிரதம நீதிபதியைக் 'கலந்தாலோசித்து' நியமிக்க வேண்டுமென்பது அரசியல் சட்டத்தின் 124-ஆம் பிரிவு. இவ்வொரு சொல்லே அரை நூற்றாண்டுப் பூசலுக்கு வித்தாயிற்று. கலந்தாலோசித்தால் மட்டும் போதாது, பிரதம நீதிபதியின் இசைவே வேண்டுமென்று 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்துப் போக்கர் சாகிபு திருத்தம் கொணர்ந்தார். பிரதம நீதிபதியும் நம்மைப் போன்ற குறைபாடுகளுடைய மனிதரே. அவர் ஒருவரிடம் தடுக்கும் உரிமையை ஒப்புவித்தல் தகாது என்று டாக்டர் அம்பேத்கர் மறுத்தார். திருத்தம் தோற்றது.

நிற்க. நீதிபதிகள் அனைவரும் ஒருங்கிருந்து வழக்கு விசாரிப்பதில்லை. இருவர் அல்லது மூவர் அமர்வதே பெருவழக்கு. அரசியல் சட்டத்தின் பொருள்பற்றிய முக்கிய வினாவாயின் ஐவருக்குக் குறையலாகாது. எவ்வழக்கை எவர் கேட்பதென்று வகுப்பவர் பிரதம நீதிபதி; இவ்வதிகாரம் சிறிதன்று. பெரும்பான்மையோர் கருத்தே தீர்ப்பு. மாறுபட்டவர் தம் கருத்தைத் தனியே எழுதிவைக்கலாம்.

ஒரு தலையின் எண்ணிக்கை எவ்வளவு கனமுடையதென்பதை 1973 காட்டியது. கேசவானந்த பாரதி வழக்கைப் பதின்மூவர் அறுபத்தெட்டு நாட்கள் விசாரித்தனர். அரசியல் சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமுண்டு, ஆயினும் அதன் அடிப்படை அமைப்பை அழிக்கலாகாது என்று ஏப்ரல் 24-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. அவ்வாறு கூறியோர் எழுவர், இசையாதவர் அறுவர். இரண்டொரு நாளில் பிரதம நீதிபதி சிக்ரி ஓய்வு பெற்றார். முறைப்படி அடுத்து நின்ற ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரும் சர்க்காருக்கு மாறாகத் தீர்ப்பளித்தவர்கள். அம்மூவரையும் விலக்கி, அறுவருள் ஒருவராகிய ஏ. என். ரேயைச் சர்க்கார் பிரதம நீதிபதியாக்கிற்று. மூவரும் ராஜினாமாச் செய்தனர். தீர்ப்புக்குத் தண்டனை இதுவென்று உலகம் கருதியதில் வியப்பொன்றுமில்லை.

அவசரநிலைக் காலத்தில், 1976-ல், காவலில் வைக்கப்பட்டவர் நியாயஸ்தலத்தை அணுகவும் உரிமையில்லை என்று நால்வர் கூற, எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்தெழுதினார். அடுத்த வருஷம் பிரதம நீதிபதி பதவி அவரைத் தாண்டிச் சென்றது, அவரும் விலகினார். அந்நால்வருள் ஒருவராகிய சந்திரசூடின் தீர்ப்பை 2017-ல் அவர்தம் புதல்வரே, நீதிபதியாயமர்ந்து, பிழையென்று எழுதினார்! தந்தையின் எழுத்தைத் தனயன் திருத்தும் காட்சி நியாயஸ்தலங்களில் அரிது.

இவ்வனுபவங்களின் பின் நீதிபதிகள் 'கலந்தாலோசித்து' என்னும் சொல்லைப் புதிதாய் வாசித்தனர். 1981-ல் அது இசைவாகாது என்றவர்கள், 1993-ல் பிரதம நீதிபதியின் கருத்தே மேலோங்கும் என்றனர். 1998-ல் அக்கருத்து அவருடையது மட்டுமன்று, மூத்த நீதிபதிகள் நால்வருடன் கூடி உருவாக வேண்டுமென்று வரையறுத்தனர். இவ்வைவர் குழுவே கொலீஜியம். போக்கர் சாகிபுக்கு அம்பேத்கர் மறுத்தது பிற்காலத்தில் வேறு வழியே நுழைந்துவிட்டது.

இதனை மாற்றச் சட்ட மந்திரியும் வெளியார் இருவரும் இடம்பெறும் நியமனக் கமிஷன் ஒன்றைப் பாராளுமன்றம் 2014-ல் சிருஷ்டித்தது. 2015 அக்டோபரில் நால்வர் அதனைச் செல்லாதென்றனர். செலமேசுவர் ஒருவர் மட்டும் மாறுபட்டு, கொலீஜியத்தின் ஆலோசனைகள் ஜனங்களுக்குப் புலனாகாமல் நடைபெறுவதைக் கண்டித்தெழுதினார். எமக்கும் அக்கண்டனம் நியாயமென்றே தோன்றுகிறது. சர்க்கார் கையில் விட்டால் 1973. மூடிய அறையில் ஐவர் கையில் விட்டாலோ, விடுபட்டவர் காரணம் கேட்க இடமில்லை.

விடுபட்டோர் பலர். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் முதன்முதல் அம்மன்றத்தில் அமர்ந்தது 1980-ல். அவர் நம் தமிழ்நாட்டு ஏ. வரதராஜன். பெண்மக்களுள் முதல்வரான பாத்திமா பீவி 1989-ல் வந்தார். பெண்மணிகள் மூவர் ஒரே நாளில் பதவிப் பிரமாணம் செய்துகொண்டது 2021 ஆகஸ்டு 31-ஆம் தேதியன்றுதான்.