பெயர் பொறியாத நடுகல்

போரிற் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி வழிபடுதல் தமிழரின் பழைய வழக்கு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை வாழ்த்துவது ஈறாக உள்ள நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அம்முறையையே சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் ஒரு பெண்ணுக்கும் உரியதாக்கியது. அரசநீதி பிழைத்தமையாற் கணவனை இழந்து, அரசவையில் வழக்குரைத்த கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்திற் கல்லெடுத்துப் படிமம் அமைத்தான் என்றும், இலங்கை வேந்தன் கயவாகு அவ்விழாவிற்கு வந்திருந்தான் என்றும் காப்பியம் கூறுகின்றது. வன்னியில், நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில், அவ்வன்னைக்கு இன்றும் வைகாசிப் பொங்கல் நடைபெறுகின்றது. தீங்கிழைக்கப்பட்ட ஒருத்தியைக் கலையின் வாயிலாகப் போற்றும் எண்ணம் இம்மண்ணுக்கு அயலானதன்று.

ஆயினும் அம்மரபிற்கு ஓர் எல்லை உண்டு. கல் எழுவது மறைந்தவளுக்கே. அதுவும் பெரும்பாலும் கற்பின் பெயராலேயே. கணவனோடு தீப்புகுந்தவளுக்குச் சதிக்கல் நாட்டப்பட்டது. உடல்மீது வன்முறை இழைக்கப்பெற்றும் உயிர்வாழ்ந்து, உழைத்து, பிள்ளைகளை வளர்த்து மீண்டவளுக்கோ கல்லும் இல்லை. ஆறுதற் சொல்லும் அரிது. செய்தவனைச் சேரவேண்டிய பழி, பட்டவளைச் சேர்ந்தது. ஆதலின் அவள் வாய் திறவாதிருத்தலையே ஊர் விரும்பியது.

அம்மௌனம் உடைந்த இடங்களுள் ஒன்று விசுவமடு. பரந்தனையும் முல்லைத்தீவையும் இணைக்கும் வீதியில் அமைந்த வேளாண் ஊர் அது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. முகாம்களிலிருந்து மக்கள் மீள்குடியேறிக்கொண்டிருந்த 2010 ஜூன் மாதத்தில், படையினர் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினர் என அங்கு இரு பெண்கள் முறையிட்டனர். எங்கும் படைமுகாம்கள் சூழ்ந்திருந்த அந்நாளில் அவ்வாறு முறையிடுதல் எளிய செயலன்று. யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2015 ஒக்டோபர் 7 ஆம் நாள் படையினர் நால்வரைக் குற்றவாளிகளெனக் கண்டு, 25 ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

ஒரு மன்றின் தீர்ப்பை மற்றொரு மன்று மாற்றுதல் கூடும். ஆயின் அப்பெண்கள் மன்றேறி, அஞ்சாது உரைத்தார்கள் என்பதை எத்தீர்ப்பும் மாற்றமாட்டாது. கண்ணகி வழக்குரைத்தாள் எனப் பெருமை பேசும் மக்கள், தம் காலத்தில் வழக்குரைத்தோரை எவ்வாறு போற்றுவது?

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. பழைய நடுகல்லுக்குப் பெயரே உயிர். இங்கோ பெயரைப் பொறித்தல் தகாது. 1995 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, இத்தகைய குற்றங்களாற் பாதிக்கப்பட்டவரை இனங்காட்டும் செய்தியை உரிய அனுமதியின்றி வெளியிடுதலைக் குற்றமாக்கியது. சட்டம் இல்லாவிடினும் அறம் அதனையே வேண்டும். பெயரும் முகமும் காட்டாது ஒருவரைப் போற்றுதல் எங்ஙனம்? அவ்வழியை உலகிற் சிலர் கண்டுள்ளனர்.

ஐரோப்பாவில் கொசோவோ நாட்டில் 1998-1999 போரின்போது பெருந்தொகையான பெண்கள் வன்முறைக்கு ஆளாயினர். அங்கு பிறந்த ஓவியக் கலைஞர் அல்கெதா ஜாஃபா மிரிபா, 2015 ஜூன் 12 ஆம் நாள் தலைநகர் பிரிஷ்டினாவின் விளையாட்டரங்கிற் கொடிக்கயிறுகளைக் கட்டி, மக்கள் மனமுவந்தளித்த ஏறத்தாழ 5000 பாவாடைகளையும் ஆடைகளையும் தொங்கவிட்டார். ஒரு பெயர் இல்லை. ஒரு முகம் இல்லை. துவைத்து உலர்த்திய ஆடைகள் காற்றில் அசைந்தன. ஆடவர் விளையாடும் திடலில், ஊரறிய, வெயிலில் நின்ற அக்காட்சி, கறை பெண்ணுடையதன்று என்பதை ஒரு சொல்லுமின்றி உணர்த்திற்று. 2014 இல் அந்நாடு அப்பெண்களைப் போரினாற் பாதிக்கப்பட்டோராகச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது. 2018 முதல் அவர்கள் உதவிப்பணத்திற்கு விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது.

பெயரை வெளியிடத் தாமே துணிந்தோரும் உளர். கொரியாவில் கிம் ஹாக்-சூன் என்னும் மூதாட்டி 1991 ஓகஸ்ட் 14 ஆம் நாள், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையினரால் தமக்கு நேர்ந்ததை உலகறியச் சொன்னார். அவரைப் போன்றோர் சிலர் கூடி வாழ்வதற்கென 1992 இல் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அங்கு 1993 முதல் அவர்கள் ஓவியம் பயின்றனர். அவர்களுள் கிம் சூன்-டொக், மலராத மொட்டுடன் நிற்கும் சிறுமியாகத் தம் இளமையைத் தீட்டினார். காங் டொக்-கியொங், மண்டையோடுகளின்மீது வேரூன்றிப் பூத்து நிற்கும் மரத்தை வரைந்து, அதனிற் படைவீரன் உருவையும் அமைத்தார். அரை நூற்றாண்டு நெஞ்சினுள் அடைபட்டுக் கிடந்தது, தாளின்மேல் வந்தமர்ந்தது. ஆறுதல் என்பது மறத்தலன்று. உள்ளே சுமந்ததை வெளியே இறக்கி, பிறரும் காணவைத்தலே என்பதை அவ்வோவியங்கள் காட்டின.

இலங்கையிலும் இதற்கு அண்மையான முயற்சி ஒன்று நிகழ்ந்துள்ளது. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் ராதிகா ஹெட்டியாராச்சி முன்னின்று நடத்திய ‘ஹேர்ஸ்டோரிஸ்’ திட்டத்தில், வடக்கிலும் தெற்கிலும் வாழ்ந்த தாய்மார் தம் போர்க்கால வாழ்வைக் கையெழுத்து மடல்களாகவும், நினைவுப் படங்களாகவும், மர வடிவ ஓவியங்களாகவும் பதிவு செய்தனர். அது பாலியல் வன்முறையை மட்டும் பற்றியதன்று. ஆயினும் எழுதுகோலும் தூரிகையும் அப்பெண்களின் கையிலேயே இருந்தன. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதை அவர்களே தீர்மானித்தனர்.

விசுவமடுவிலோ வன்னியின் வேறோர் ஊரிலோ இத்தகைய கலைப்பணி ஒருநாள் எழுமாயின், அதற்கு முதல் விதி இதுவாதல் வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினாலன்றி ஒரு கோடும் வரையப்படலாகாது. அவர் வேண்டாமென்றால் அம்மறுப்பும் மதிக்கப்படல் வேண்டும். இரக்கத்திற்குரிய உருவமாக அவரைத் தீட்டுதல், இரண்டாம் முறை தீங்கிழைத்தலே ஆகும்.

வற்றாப்பளைப் பொங்கலிற் கடல்நீரால் விளக்கெரிப்பது நெடுநாளைய வழக்கம். உவர்நீரிலும் சுடர் எழும் என்று நம்பும் மக்கள் அவர்கள். கண்ணீர் கடந்து வாழ்வோரின் முன்னும் தலைவணங்க அம்மக்கள் அறியாதவரல்லர். அதற்குரிய கல்லை நாட்டுவதே எஞ்சியுள்ளது.