கிளியர் லேக்: சேற்றில் தங்கிய விஷம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஓர் ஏரி இருக்கிறது. பெயர் ‘கிளியர் லேக்’, அதாவது தெளிந்த ஏரி. பெயர்தான் அப்படி, உண்மையில் ஆழம் குறைந்த, கலங்கலான ஏரி.

அங்கே கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சி ஏராளம். அது கடிக்காது. ஆனால் கூட்டம் கூட்டமாகப் பறந்து, தூண்டில் போட வருபவர்களையும் கரையோர வீட்டுக்காரர்களையும் பாடாய்ப்படுத்தியது. அதன் புழுக்கள் வாழும் இடம் ஏரியின் அடிச்சேறு.

1949-ல் ‘டிடிடி’ என்ற பூச்சிமருந்தை ஏரியில் கலந்தார்கள். இது நாம் அறிந்த டி.டி.டீ.க்கு நெருங்கிய உறவு. மீன்களை அவ்வளவாகப் பாதிக்காது என்று நம்பினார்கள். அளவு 7 கோடி பங்கு தண்ணீருக்கு 1 பங்குதான்! பூச்சிகள் குறைந்தன, பிறகு திரும்பி வந்தன. 1954-ல் 5 கோடிக்கு 1 பங்கு என்று கூட்டினார்கள். 1957-ல் மூன்றாம் முறை.

1954-க்குப் பின் முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதக்கத் தொடங்கின. நோய் எதுவும் தென்படவில்லை. அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது 10 லட்சத்துக்கு 1600 பங்கு மருந்து இருந்தது. தண்ணீரில் கலந்த அளவைப் போல 80,000 மடங்கு!

எப்படி? இந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. சேற்றிலும் கொழுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். நுண்ணுயிர்களைச் சிறுமீன் தின்றது, அதைப் பெரிய மீன் தின்றது, மீனைப் பறவை தின்றது. ஒவ்வொரு படியிலும் விஷம் கூடியது. சுமார் 1000 ஜோடிப் பறவைகள் கூடு கட்டிய ஏரியில் 1960-ல் மிஞ்சியவை ஏறக்குறைய 30 ஜோடிகள். 1962-ல் ரேச்சல் கார்சன் ‘மௌன வசந்தம்’ நூலில் எழுதிய பிறகே இது உலகுக்குப் பரவலாகத் தெரிந்தது.

கதை இதோடு முடியவில்லை. ஏரிக்கரையில் சல்பர் பேங்க் என்ற பாதரசச் சுரங்கம் இருந்தது. அதன் கழிவு ஏரிக்குள் போனது. சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்ற, அதுவும் மீனுக்குள் ஏறியது. பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் எலெம் போமோ பழங்குடியினர். மீன் அவர்களுடைய பரம்பரை உணவு. 1990-ல் அந்த இடம் அரசின் ‘சூப்பர்ஃபண்ட்’ சுத்திகரிப்புப் பட்டியலில் சேர்ந்தது.

கடைசியாக மருந்து கலந்ததும் 1957, சுரங்கம் மூடியதும் 1957. மனிதன் நிறுத்திவிட்டான், ஏரியின் அடிச்சேறு இன்னும் மறக்கவில்லை.