வரியில்லாக் கணக்கில் அபராதமா? கனடாவின் டிஎஃப்எஸ்ஏ-வில் பலரும் தடுக்கி விழும் இடங்கள்

கனடா மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2023 ஜூலையில் 5 சதவீதமாக இருந்தது. 2024 ஜூனில் குறையத் தொடங்கி, 2025 அக்டோபரில் 2.25 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது நிம்மதி. வங்கியில் காசைப் போட்டு வைத்தவர்களுக்கு?

2023-ல் ஓராண்டு ஜிஐசி-க்கு, அதாவது நிரந்தர வைப்புக்கு, 5 சதவீதத்துக்கு மேல்கூட வட்டி கிடைத்தது. அந்த வைப்புகள் முதிர்ந்து கைக்கு வரும்போது, "இனி இந்தக் காசை எங்கே போடுறது?" என்ற கேள்வி வருகிறது. கேட்டால் கிடைக்கும் முதல் பதில்: "டிஎஃப்எஸ்ஏ-வில போடுங்க, வரியே கிடையாது."

பதில் சரிதான். ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதி தெரியாமல் பணம் போட்டவர்களுக்கு சிஆர்ஏ, அதாவது கனடா வருவாய் முகமை, அபராத வரி கேட்டுக் கடிதம் அனுப்புகிறது. எங்கே தவறு நடக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

டிஎஃப்எஸ்ஏ என்றால் என்ன?

வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. 2008 பட்ஜெட்டில் அன்றைய நிதி அமைச்சர் ஜிம் ஃபிளாஹெர்ட்டி இதை அறிவித்தார். 2009 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வரி கட்டிய பிறகு கையில் மிஞ்சும் பணத்தை இதில் போடுகிறோம். உள்ளே வரும் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் எதற்கும் கனடாவில் வரி இல்லை. வெளியே எடுக்கும்போதும் வரி இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 20,000 டாலருக்கு 3 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 600 டாலர். சாதாரணக் கணக்கில், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அதில் 180 டாலர் வரியாகப் போகும். டிஎஃப்எஸ்ஏ-வில் 600-ம் அவருக்கே.

பெயரில் 'சேமிப்பு' என்று இருப்பதால், இது வங்கிச் சேமிப்புக் கணக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு பெட்டி மாதிரி. உள்ளே ரொக்கம், ஜிஐசி, பங்கு, பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட், இடிஎஃப் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பணம் வளருமா, தேயுமா என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் பொருள்தான்.

சரி, எவ்வளவு போடலாம்?

ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரம்பு உண்டு.

2009 முதல் 2012 வரை: ஆண்டுக்கு 5,000 டாலர்
2013, 2014: 5,500
2015: 10,000
2016 முதல் 2018 வரை: 5,500
2019 முதல் 2022 வரை: 6,000
2023: 6,500
2024, 2025, 2026: 7,000

2015-ல் மட்டும் ஏன் இந்தத் தாவல்? அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு வரம்பை 10,000 ஆக்கியது. அந்த ஆண்டு இறுதியில் ஆட்சிக்கு வந்த ஜஸ்டின் ட்ரூடோவின் லிபரல் அரசு, அடுத்த ஆண்டு முதல் அதை மீண்டும் 5,500 ஆகக் குறைத்தது. இப்போது பணவீக்கத்தைப் பொறுத்து 500 டாலர் படிகளாக வரம்பு உயர்கிறது.

ஓர் ஆண்டில் போடாமல் விட்ட தொகை காலாவதி ஆகாது. சேர்ந்துகொண்டே போகும். மேலே உள்ளதை எல்லாம் கூட்டினால் 2026-ல் 1,09,000 டாலர் வருகிறது. இந்த எண்தான் பல தவறுகளுக்கு ஆரம்பம்.

1,09,000 டாலர் வரம்பு எல்லோருக்கும் உண்டா?

இல்லை. 2009-லேயே 18 வயது நிரம்பி, அன்றிலிருந்து தொடர்ந்து கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த முழுத் தொகை. மற்றவர்களுக்கு, 18 வயது நிரம்பிய ஆண்டு, கனடாவில் வசிப்பவராக ஆன ஆண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்துதான் கணக்கு தொடங்கும்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ புதிதாகக் குடியேறியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். உதாரணத்துக்கு, 35 வயதுள்ள ஒருவர் 2023 செப்டம்பரில் டொரன்டோ வந்து இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கான வரம்பு:

2023: 6,500 (நான்கு மாதம் இருந்தாலும் முழு ஆண்டு வரம்பும் கிடைக்கும்)
2024, 2025, 2026: தலா 7,000
மொத்தம்: 27,500 டாலர்

இவர் ஊரில் இருந்த நிலத்தை விற்ற பணத்தில் 50,000 டாலரை 2026-ல் டிஎஃப்எஸ்ஏ-வில் போட்டால், 22,500 டாலர் கூடுதல். அதற்கு மாதம் 1 சதவீதம், அதாவது 225 டாலர் அபராத வரி. பணத்தை வெளியே எடுக்கும்வரை மாதாமாதம் இது ஓடிக்கொண்டே இருக்கும். ஜனவரியில் புது வரம்பு வரும்போது கூடுதல் தொகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பிஆர் கார்டு வந்த நாள் இதில் முக்கியமில்லை. வரி விதிகளின்படி எப்போது கனடாவில் வசிப்பவராக ஆனார் என்பதே கணக்கு. அதனால் அந்தத் தகுதி உள்ள, 18 வயது நிரம்பிய, சமூகக் காப்பீட்டு எண் வைத்திருக்கும் வெளிநாட்டு மாணவரும் கணக்குத் தொடங்கலாம்.

எடுத்த பணத்தைத் திருப்பிப் போடலாமா?

போடலாம். ஆனால் எப்போது என்பதுதான் கேள்வி. எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஆண்டு ஜனவரி 1-ம் தேதிதான் திரும்பக் கிடைக்கும்.

வரம்பை முழுக்கப் பயன்படுத்திவிட்ட ஒருவர், மார்ச் மாதம் அவசரத்துக்கு 10,000 டாலர் எடுக்கிறார். ஜூனில் காசு கைக்கு வந்ததும், "என் காசைத்தானே திருப்பிப் போடுறேன்" என்று 10,000-ஐ மீண்டும் போடுகிறார். சிஆர்ஏ பார்வையில் இது புதிய முதலீடு. மாதம் 100 டாலர் வீதம் ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதத்துக்கு 700 டாலர் அபராதம்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. திட்டம் தொடங்கிய முதல் ஆண்டிலேயே பலர் எடுப்பதும் போடுவதுமாக இருந்து சிக்கினார்கள். 2010-ல் சுமார் 70 ஆயிரம் பேருக்குக் கடிதம் போனது.

வங்கியை மாற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. ஒரு வங்கியில் எடுத்து இன்னொரு வங்கியில் நாமே போட்டால் அது 'எடுத்தது, போட்டது' என்று பதிவாகும். புதிய வங்கியில் படிவம் கொடுத்து, இரு நிறுவனங்களுக்கு இடையே நேரடியாக மாற்றச் சொன்னால் பிரச்சினை இல்லை. எத்தனை கணக்கு வைத்திருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரம்புதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

பங்கு விழுந்தால் என்ன ஆகும்?

7,000 டாலர் போட்டு ஒரே ஒரு பங்கை வாங்குகிறீர்கள். அது சரிந்து 2,000 ஆகிறது. வெறுத்துப்போய் விற்றுப் பணத்தை எடுத்தால், அடுத்த ஆண்டு திரும்பக் கிடைக்கும் இடம் 2,000 மட்டுமே. 5,000 டாலருக்கான வரம்பு நிரந்தரமாகப் போய்விட்டது. சாதாரண முதலீட்டுக் கணக்கில் நஷ்டத்தை வேறு லாபத்தோடு கழித்து வரியைக் குறைக்கலாம். இங்கே அதுவும் முடியாது.

மறுபக்கமும் உண்டு. அதே 7,000 வளர்ந்து 20,000 ஆகி, அதை எடுத்தால், அடுத்த ஆண்டு 20,000-க்கும் இடம் திரும்பக் கிடைக்கும்.

அப்போ தினமும் வாங்கி விற்று வரியில்லாமல் சம்பாதிக்கலாமே என்று தோன்றலாம். அதற்கும் கடிவாளம் இருக்கிறது. வான்கூவரைச் சேர்ந்த ஒரு முதலீட்டு ஆலோசகர், 2009-க்குப் பிறகான சில ஆண்டுகளில் தீவிரமாகப் பங்கு வர்த்தகம் செய்து 15,000 டாலரை 5 லட்சத்துக்கு மேல் வளர்த்தார். அது வியாபாரம், எனவே வரி உண்டு என்று கனடா வரி நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது.

அமெரிக்கப் பங்குகளுக்கும் ஒரு விதிவிலக்கு: அவை தரும் டிவிடெண்டில் 15 சதவீதத்தை அமெரிக்கா பிடித்துக்கொள்ளும். டிஎஃப்எஸ்ஏ-வில் இருந்தாலும் அது திரும்ப வராது.

டிஎஃப்எஸ்ஏ-வா, ஆர்ஆர்எஸ்பி-யா?

ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம் 1957 முதல் இருக்கிறது. அதில் போடும்போது வரிச் சலுகை, எடுக்கும்போது வரி. டிஎஃப்எஸ்ஏ-வில் நேர்மாறு.

எது லாபம்? 1,000 டாலர் சம்பளம், 30 சதவீத வரி, முதலீடு இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஎஃப்எஸ்ஏ-வில் வரி போக 700 போட்டால் 1,400 ஆகும். ஆர்ஆர்எஸ்பி-யில் முழு 1,000-மும் போட்டால் 2,000 ஆகி, எடுக்கும்போது 600 வரி போக அதே 1,400. ஆக, இரண்டும் சமம்.

வித்தியாசம் வரி விகிதத்தில்தான். இப்போது அதிகச் சம்பளம், ஓய்வுக்குப் பிறகு குறைந்த வருமானம் என்றால் ஆர்ஆர்எஸ்பி நல்லது. இப்போது குறைந்த சம்பளம், பின்னால் உயரும் என்றால் டிஎஃப்எஸ்ஏ.

முதியவர்களுக்கு இன்னொரு விஷயம் மிக முக்கியம். குறைந்த வருமானம் உள்ள மூத்தோருக்கு அரசு தரும் ஜிஐஎஸ் உதவித்தொகை, வருமானம் ஏற ஏறக் குறையும். ஆர்ஆர்எஸ்பி-யிலிருந்து எடுப்பது வருமானமாகக் கணக்கில் வரும். டிஎஃப்எஸ்ஏ-விலிருந்து எடுப்பது வராது. வீட்டில் அப்பா, அம்மா ஜிஐஎஸ் வாங்குபவர்கள் என்றால், அவர்கள் சேமிப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நாடு திரும்பினால்?

கணக்கை மூட வேண்டியதில்லை. ஆனால் கனடாவை விட்டுப் போனபின் அதில் பணம் போட்டால் அதற்கும் மாதம் 1 சதவீத அபராதம். முழுக்க வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளுக்குப் புது வரம்பு சேராது. கனடா வரி கேட்காவிட்டாலும், நீங்கள் குடியேறும் நாடு தன் சட்டப்படி அந்த வருமானத்துக்கு வரி கேட்கலாம்.

பணம் பாதுகாப்பாக இருக்குமா?

வங்கி வைப்பாக இருந்தால், கனடா வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஒவ்வோர் உறுப்பு வங்கியிலும் ஒரு லட்சம் டாலர் வரை காப்பீடு தருகிறது. டிஎஃப்எஸ்ஏ-வில் உள்ள வைப்பு தனிப் பிரிவாகக் கணக்கிடப்படும். பங்கு, இடிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட் ஆகியவற்றுக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

தவறுதலாக அதிகம் போட்டுவிட்டால் என்ன செய்யணும்?

முதலில், கூடுதல் தொகையை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். கடிதம் வரட்டும் என்று காத்திருந்தால் மாதங்கள் கூடும், அபராதமும் கூடும். பிறகு அடுத்த ஆண்டு ஜூன் 30-க்குள் ஆர்சி 243 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து வரியைக் கட்ட வேண்டும். தவறு நியாயமானது, தாமதமில்லாமல் சரிசெய்துவிட்டோம் என்று விளக்கி எழுதினால், அபராதத்தைத் தள்ளுபடி செய்ய சிஆர்ஏ-வுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தள்ளுபடி கிடைத்தே தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

'சிஆர்ஏ இணையக் கணக்கில் இடம் இருக்குன்னு காட்டுச்சே' என்பது பலரும் சொல்லும் காரணம். அங்கே தெரியும் எண் ஜனவரி 1 நிலவரம். வங்கிகள் முந்தைய ஆண்டுக் கணக்கை பிப்ரவரி இறுதிவரை அனுப்பலாம் என்பதால், ஆண்டின் தொடக்கத்தில் அந்த எண் பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு. இந்த ஆண்டு நீங்கள் போட்டது அதில் சேர்ந்திருக்காது.

அதனால் சொந்தக் கணக்கு வேண்டும். எந்த ஆண்டு முதல் தகுதி, இதுவரை போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை ஒரு நோட்டிலோ மொபைலிலோ எழுதி வைத்தால் போதும். அடுத்த ஜிஐசி முதிர்ந்து பணம் கைக்கு வரும் நாளில், அதை டிஎஃப்எஸ்ஏ-வில் போடும் முன் திறந்து பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.