நிறுத்தங்களைத் தாண்டும் நொதி

ஈகோலை பாக்டீரியாவின் மேல் லாம்டா என்ற வைரஸ் வந்து ஒட்டிக்கொள்கிறது. தலைக்குள் சுருட்டி வைத்திருந்த டி.என்.ஏ.வை வால் வழியாக உள்ளே செலுத்துகிறது. உள்ளே போனதும் அதன் இரு முனைகளும் இணைந்து வட்டமாகின்றன. அதில் இருப்பவை 48,502 எழுத்து இணைகள். ஆனால் அதைப் படியெடுக்கும் நொதி எதையும் வைரஸ் கொண்டுவரவில்லை. பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். அந்த நொதி லாம்டாவின் மேல் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது, எதையெல்லாம் கடந்து போகிறது என்பதில்தான் பாக்டீரியாவின் சாவும் வாழ்வும் இருக்கின்றன.

1951இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எஸ்தர் லெடர்பெர்க் இந்த வைரஸைப் பற்றி முதன்முதலில் அறிவித்தார். அன்று முதல் உயிரியலாளர்களுக்கு இது பாடப்புத்தகம்.

பாலிமரேஸின் முதல் பயணம் மிகச் சிறியது. லாம்டாவின் வலப்பக்கத் தொடக்கத்தில் ஏறி, 'குரோ' மரபணுவைப் படித்து முடித்த சற்று நேரத்தில் அது இறக்கிவிடப்படுகிறது. இறக்கிவிடுவது பாக்டீரியாவின் சொந்தப் புரதமான ரோ. 1969இல் ஜெஃப்ரி ராபர்ட்ஸ் ஹார்வர்டில் இதைக் கண்டுபிடித்தார். சோதனைக்குழாயில் லாம்டா டி.என்.ஏ.வுடன் பாலிமரேஸை மட்டும் சேர்த்தால் நீண்ட ஆர்.என்.ஏ. கிடைத்தது. ரோவையும் சேர்த்தபோது அது குட்டையானது.

ரோ ஆறு ஒரே மாதிரி அலகுகள் கூடிய வளையம். ரைபோசோம் மூடாத வெற்று ஆர்.என்.ஏ.வில், சைட்டோசின் மிகுந்த பகுதியைப் பிடித்து, ஏ.டி.பி.யின் ஆற்றலால் செயல்பட்டு, பாலிமரேஸை டி.என்.ஏ.விலிருந்து விடுவிக்கிறது. நஸ்ஜி என்ற இன்னொரு புரதம் இதற்குத் துணை. தேவையற்ற படியெடுப்பு அடுத்த மரபணுவுக்குள் பரவாமல் காப்பதே இவற்றின் பணி.

இதற்குள் இடப்பக்கத்தில் ஏறிய இன்னொரு பாலிமரேஸ், லாம்டாவின் 'என்' புரதத்துக்கான செய்தியைப் படியெடுத்துவிட்டது. வெறும் 107 அமினோ அமிலங்கள். தனியாக இருக்கும்போது நிலையான வடிவம்கூட இல்லாதது. அடுத்து வலப்பக்கம் வரும் பாலிமரேஸ் குரோவைக் கடந்ததும், புதிதாக வெளிவந்த ஆர்.என்.ஏ.வில் ஒரு சிறு கொண்டை உருவாகிறது. 'என்' அதைப் பற்றிக்கொண்டு நொதியோடு சேர்கிறது. கூடவே நஸ்ஏ, நஸ்பி, நஸ்இ, நஸ்ஜி என நான்கும் வருகின்றன. இவை அனைத்தும் பாக்டீரியாவுக்குச் சொந்தமானவை. 1970களில் டேவிட் ஃப்ரீட்மன் முதலானோர், லாம்டாவை வளரவிடாத பாக்டீரியா திரிபுகளைத் தேடியே இவற்றில் சிலவற்றைக் கண்டறிந்தார்கள். நஸ்இ உண்மையில் ரைபோசோமின் ஓர் உறுப்பு. ரோவுக்குத் துணைநிற்கும் நஸ்ஜியை இந்தக் கூட்டணி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ரோ காத்திருக்கும் நிறுத்தத்தைத் தாண்டி, டி.என்.ஏ.வைப் பெருக்கும் மரபணுக்களைக் கடந்து, 'க்யூ' மரபணு வரை பாலிமரேஸ் போகிறது.

கடைசிப் பயணம் க்யூ புரதத்தின் கையில். இன்னொரு தொடக்கத்தில் பாலிமரேஸ் ஏறி, சுமார் 16 எழுத்துகள் எழுதியதும் தயங்கி நிற்கிறது. க்யூ இல்லையென்றால், 194ஆம் எழுத்தில் உள்ள முடிவிடத்தோடு அதன் பயணம் தீர்ந்தது. அங்கே ரோ தேவையில்லை, ஆர்.என்.ஏ. தானே மடிந்து கொண்டையாகி நொதியைக் கழற்றிவிடும். லாம்டாவின் உறவான 21 என்ற வைரஸின் க்யூ எப்படி இதைத் தடுக்கிறது என்பதை 2019இல் வெளியான கிரையோ மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. ஆர்.என்.ஏ. வெளிவரும் வாயில் அது வளையமாய்ப் பொருந்துகிறது. ஊசிக் காதுக்குள் நூல் மடிய இடமில்லாததுபோல், அங்கே ஆர்.என்.ஏ. கொண்டை போட முடிவதில்லை. பாலிமரேஸ் இருபதாயிரம் எழுத்துகளுக்கு மேல் ஓடுகிறது. செல்லை உடைக்கும் புரதங்கள், வைரஸின் தலை, வால் எல்லாவற்றுக்கும் செய்தி தயார்.

இதே உத்தியைத் திருப்பிப் போட்ட வைரஸும் உண்டு. எச்கே022 என்ற வைரஸின் 'நன்' புரதம், 'என்' பிடிக்கும் அதே கொண்டையைப் பிடித்து, லாம்டா மேல் ஓடும் பாலிமரேஸை உறையவைக்கிறது. தான் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குள் லாம்டா வளராதபடி காக்கிறது. பி4 வைரஸின் பிஎஸ்யூ புரதமோ ரோவையே முடக்குகிறது. ஐதராபாத்தில் ரஞ்சன் சென் குழுவினர் அதன் செயல்முறையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ரோ இல்லாமல் ஈகோலை வாழாது; மனித செல்லில் ரோ இல்லை. பைசைக்ளோமைசின் என்ற மருந்து ரோவைத் தாக்கியே பாக்டீரியாவை அடக்குகிறது. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலத்தில், ரோவின் பலவீனம் எங்கே என்பதை வைரஸ்கள் நமக்கு முன்பே கண்டுவைத்திருக்கின்றன. ஒரு செல்லை ஆள்வதற்கு அதன் மரபணுக்களைத் தொடங்கிவைப்பது மட்டும் போதாது, எங்கே நிறுத்துவது என்பதையும் கைக்குள் கொண்டுவர வேண்டும். லாம்டா நமக்குக் கற்றுத்தந்த பாடம் இதுதான். புதிய மருந்து தேடுவோர் இந்த நிறுத்தங்களை இன்னும் ஊன்றிப் படிக்க வேண்டும்.