காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்புகள் (மருத்துவம், சூழல், பொருளறிவியல்)

ஒரு பொருளோ செய்முறையோ புதியது, துறையறிந்தவருக்கும் எளிதில் தோன்றாதது, தொழிலில் பயன்படக்கூடியது என்று அரசு ஒப்புக்கொண்டால், அதைப் பிறர் செய்யவும் விற்கவும் தடை கோரும் உரிமை கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கிறது. இந்த உரிமையே காப்புரிமை. இந்தியாவில் இதன் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. கைம்மாறாக, கண்டுபிடித்தவர் தன் வித்தையை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். காலம் முடிந்ததும் அது ஊர்ச்சொத்து. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றின் விண்ணப்பங்களைச் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகம் கையாளுகிறது. ஆகவே கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் எதையாவது கண்டுபிடித்தால், காகிதம் திருவனந்தபுரத்துக்குப் போவதில்லை. எல்லை தாண்டிச் சென்னைக்குத்தான் போகிறது.

மருத்துவம், சூழல், பொருளறிவியல் மூன்றையும் தனித்தனியாக எழுதுவதே வழக்கம். தென்னிந்தியக் கண்டுபிடிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்கவில்லை. இதயத்தில் வைத்த பொருளின் உறவு சாலையில் கிடக்கிறது. சாலைக்கு ஆகாதது ரத்தம் சேமிக்க ஆகிறது. ஆகவே இங்கே மூன்றும் ஒரே தலைப்பில் சொல்லப்படுகின்றன.

சட்டம் வந்த கதை

இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1856-இல் வந்தது. அதன்படி கண்டுபிடித்தவருக்கு 14 ஆண்டுத் தனியுரிமை. அவ்வாண்டு மார்ச் 3-ஆம் நாள் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார். பொருள்: பங்கா இழுக்கும் இயந்திரம். துரைமார் அலுவலகங்களில் கூரையில் தொங்கிய துணி விசிறியைக் கயிற்றால் இழுக்க ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பும் கருவிதான் நாட்டின் முதல் காப்புரிமைக் கண்டுபிடிப்பு. அவர் பெயரைத் தாங்கிய காப்புரிமை நிறுவனம் இன்றும் சென்னையில் நடக்கிறது.

முடியரசின் முன்னொப்புதல் வாங்காமல் இயற்றியதால் 1857-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1859-இல் திருத்திய வடிவம் வந்தது. 1872, 1883, 1888 என்று ஒட்டுகள் போட்டு, கடைசியில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. அது பிரித்தானிய இந்தியாவுக்கு மட்டும் உரியது. பாலக்காடு வட்டம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்ததால் சட்டத்துக்குள் அடங்கியது. கொழிஞ்சாம்பாறை உள்ள சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்ததால் அடங்கவில்லை. நான்கு பக்கமும் மாகாண நிலம் சூழக் கிடந்த இந்தத் துண்டில் அந்தச் சட்டத்துக்கு வெகுகாலம் வேலையே இருந்ததில்லை.

விடுதலைக்குப் பின் நடந்ததில் முதன்மையானது நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959 செப்டம்பரில் அளித்த அறிக்கை. இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில் தொழிலாக நடத்தப்படவே இல்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். வெளிநாட்டான் உரிமையை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தான் என்பதே இதன் பச்சைத் தமிழ். இந்த அறிக்கையின் வழியில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் 20 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி மருந்து, உணவு ஆகியவற்றில் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே, அதுவும் குறுகிய காலத்துக்கு. ஒரே மருந்தை வேறு வழியில் செய்தால் குற்றமில்லை என்றாயிற்று. நாட்டின் மருந்துத் தொழில் எழுந்து நின்றது இந்த ஒரு வாசலால்தான்.

உலக வணிக அமைப்பில் சேர்ந்ததன் விளைவாக 2005 ஜனவரி 1 முதல் பொருளுக்கான காப்புரிமை திரும்பியது. பெரிய வாசலை அடைத்தபோது நாடாளுமன்றம் ஒரு திட்டிவாசலை விட்டு வைத்தது: பிரிவு 3(டி). தெரிந்த மருந்தின் புதிய வடிவம், பழையதைவிடக் குணம் தருவதில் கூடுதலாக இல்லையென்றால், அது கண்டுபிடிப்பு ஆகாது. ரத்தப் புற்றுக்கான இமாட்டினிப் மெசைலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட உரிமையைச் சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அலுவலகத்தின் மறுப்பை உறுதி செய்தது. மருத்துவ வழக்காகப் பேசப்படும் இதன் உள்ளே இருந்தது படிகம், அதாவது பொருளறிவியல். மூலக்கூறு ஒன்றே, அடுக்கிய விதம் மட்டும் வேறு. அடுக்கை மாற்றியதற்கு இன்னொரு 20 ஆண்டு கேட்டது அதிகப்படி என்பதே சரியான முடிவு.

வகைப்பாடு

1971-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒப்பமான உடன்படிக்கையின்படி உலகக் காப்புரிமைகள் ஏ முதல் எச் வரை எட்டுப் பகுதிகளில் அடுக்கப்படுகின்றன. நீர் சுத்திகரிப்பு சி02எஃப். சாலை அமைத்தல் இ01சி. செயற்கை இதய வால்வு ஏ61எஃப். கோயம்புத்தூரில் அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய எளிய இயந்திரம் செய்து தள்ளும் சானிட்டரி நாப்கினும் இதே ஏ61எஃப் வகுப்பில்தான் வருகிறது. இதய வால்வு பொருத்தும் திருவனந்தபுரத்து அறுவை அரங்கும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாக பஸ் போகும் கோவையின் பட்டறையும் வகைப்பாட்டாளர் கண்ணில் ஒரே அலமாரி. முருகானந்தம் பஞ்சை வைத்துப் பலமுறை தோற்று, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது மரக்கூழ் நார் என்று அறிந்த பிறகே வேலை நடந்தது. அங்கும் முடிச்சு பொருளில்தான். உரிமையைப் பெரிய கம்பெனிக்கு விற்காமல், இயந்திரத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

சித்ரா வால்வு

ரூமாட்டிக் காய்ச்சல் இளம் வயதிலேயே இதய வால்வைக் கெடுக்கும். ஏழை வீடுகளில் அது மிகுதி. வெளிநாட்டு வால்வின் விலை அவர்களுக்கு எட்டாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் (1934–2024) இதைக் கண்டு, உள்நாட்டிலேயே வால்வு செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் உடன் நின்றார். பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கும் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவே பட்டறை.

வால்வு ஓர் உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டு, தையல் போடச் சுற்றிலும் பாலியெஸ்டர் துணி. பார்க்க ஒரு பெரிய சட்டைப் பொத்தான் மாதிரி. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் அந்த வட்டு ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 68 லட்சம் முறை அடித்து மூட வேண்டும். தேயக் கூடாது, முறியக் கூடாது, ரத்தம் உறையக் கூடாது.

முதல் மாதிரியில் வட்டைத் தாங்கும் கம்பி, பற்றவைத்த இடத்தில் முறிந்தது. இரண்டாவதில் வட்டுக்கு நீலக்கல் என்ற செயற்கைச் சஃபையரைப் போட்டார்கள். கல் தேயவில்லை, அது உரசிய டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதில் டைட்டானியத்தை விட்டு ஹேய்ன்ஸ்-25 என்ற கடினமான கோபால்ட் கலவைக்கு மாறினார்கள். இம்முறை நீலக்கல்லே உடைந்தது. கடினத்துக்கு மேல் கடினம் தேடிப் போனவர்கள் நான்காவது முறை எதிர்த்திசையில் திரும்பினார்கள். வளையம் அதே ஹேய்ன்ஸ்-25; வட்டு மட்டும் மிகுமூலக்கூறு எடைப் பாலித்தீன். கடைத்தெருவில் காய்கறி வாங்கித் தரும் கவரின் நெருங்கிய உறவு, மூலக்கூறுச் சங்கிலி மட்டும் பல மடங்கு நீளம். உலோகத்தில் மோதும்போது அது கொடுத்து வாங்கியது. சத்தமும் குறைந்தது, உலோக வால்வு வைத்தவரின் நெஞ்சிலிருந்து இரவில் கேட்கும் கடிகார ஓசை இதில் தணிவு.

1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தொழில்நுட்பத்தை டிடிகே குழுமம் வாங்கித் திருவனந்தபுரத்திலேயே உற்பத்தி செய்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. இந்தியச் சட்டத்தில் வால்வு என்ற பொருளுக்குக் காப்புரிமை கேட்கலாம். அதைப் பொருத்தும் அறுவை முறைக்குக் கேட்க முடியாது. சிகிச்சை முறைகளைப் பிரிவு 3(ஐ) விலக்கி வைத்திருக்கிறது.

இதே நிறுவனம் ரத்தப் பையையும் உருவாக்கியது. கண்ணாடிப் பாட்டிலில் ரத்தம் எடுத்த காலத்தை அது முடித்து வைத்தது. இந்திய ஆட்சிப் பணியை விட்டு விலகிய சி. பாலகோபால் தொடங்கிய பெனின்சுலா பாலிமர்ஸ் 1987 முதல் அதைத் தொழிலாக நடத்தியது. 1999-இல் ஜப்பானின் டெருமோ சேர்ந்தது. பை செய்த பொருள் பிவிசி.

நெகிழிச் சாலை

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் முறை இது. 2002-இல் கல்லூரி வளாகத்தில் முதல் சாலை, 2006-இல் காப்புரிமை, 2018-இல் பத்மஸ்ரீ. பாலித்தீன் கவர், பிஸ்கட் உறை போன்றவற்றைச் சல்லடைக் கண் அளவுக்கு, 2.36 முதல் 4.75 மில்லிமீட்டருக்குள் நறுக்குவார்கள். கலவை ஆலையில் ஜல்லி சுமார் 170 டிகிரிக்குச் சூடானதும் அதன்மேல் தூவினால், அரை நிமிடத்தில் கல்லுக்கு எண்ணெய் பூசினாற்போல் ஒரு மினுமினுப்பு ஏறும். அதன் பிறகுதான் தார். கல்லின் நுண்துளைகளை நெகிழி அடைத்துவிடுவதால் நீர் உள்ளே போகாது. தார் பிடியும் கூடும். 3.75 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டன் நெகிழி போகும், ஏறக்குறைய அதே எடைத் தார் மிச்சமாகும்.

நெகிழியைத் தாரில் கரைப்பது பிறர் முன்பே செய்தது. கல்லில் பூசியதே புதுமை. காப்புரிமை நின்றதும் வரிசை மாற்றத்தில்தான்: முதலில் கல், பிறகு நெகிழி, கடைசியில் தார். பிவிசி மட்டும் அறவே கூடாது. சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். ரத்தத்துக்கு ஆகிவந்த பிவிசி ரோட்டுக்கு ஆகவில்லை. நெஞ்சுக்குள் ஓடிய பாலித்தீனோ ரோட்டுக்கும் ஆயிற்று. 2013-இல் இந்திய சாலைகள் காங்கிரஸ் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2015-இல் நடுவண் அரசு, ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் இம்முறையைக் கட்டாயமாக்கியது.

நீர்

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழைமறைவு நிலம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருப்பது பழைய தொல்லை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் முதலில் பல்லில் கறை, பிறகு எலும்பில் வலி. இப்படிக் கெட்ட நீரைச் சுத்திகரிக்கும் பணியில் சென்னை ஐஐடியின் டி. பிரதீப் பெயர் முன்னிற்கிறது. வெள்ளி, தங்க நுண்துகள்கள் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்களைச் சிதைக்கின்றன என்று 2003-இல் காட்டினார். காசர்கோட்டைப் பாழாக்கிய எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தும் அந்தச் சேர்ம வகையே. பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டியாக இது 2007-இல் சந்தைக்கு வந்தது. பின்னர் வந்த அம்ரித் என்ற வடிகட்டிப் பொருள், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானுக்குள் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு நுண்துகளைப் பொதிந்து ஆர்சனிக்கைப் பிடிக்கிறது. அதைச் செய்ய உலை வேண்டாம். அறை வெப்பத்தில் தண்ணீரிலேயே செய்யலாம்.

காப்புரிமைக்கு வெளியே

1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களோடு நடந்த காணிப் பழங்குடி வழிகாட்டிகள், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு காயைத் தின்றார்கள். அது ஆரோக்கியப்பச்சை. பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து ஜீவனி மருந்தைச் செய்து, உற்பத்தி உரிமையைக் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தது. 2 விழுக்காடு ராயல்டி தனி. இரண்டிலும் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடு. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகம் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு இதுவே. அமெரிக்காவில் 1995-இல் மஞ்சளால் புண் ஆற்றுவதற்குக் கொடுத்த காப்புரிமையை இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய ஏடுகளைக் காட்டி 1997-இல் நீக்கவைத்தது. மஞ்சள் பற்றுப் போட்ட எந்தப் பாட்டியையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. எழுதியது மட்டுமே செல்லும்.

இடுக்கி மாவட்டம் கட்டப்பனையில் செபாஸ்டியன் ஜோசப், நன்றாகக் காய்த்த ஏலச்செடிகளைக் கொசுவலையால் மூடி, உள்ளே தேனீக்களை விட்டு ஒன்றோடொன்று மகரந்தம் சேர்த்தார். அதில் தேறியதைத் தட்டை பிரித்து நட்டுப் பெருக்கிய ரகமே குடும்பப் பெயரில் வழங்கும் ஞள்ளானி. இன்று இடுக்கியின் ஏலக்காடுகளில் பரவிக் கிடப்பது அதுதான். பயிர் ரகத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. பிரிவு 3(ஜே) தடுக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குள் தட்டைகள் மலை முழுவதும் கைமாறிவிட்டிருந்தன.

இன்றைய நிலை

2023–24-இல் இந்தியா ஒரு லட்சத்துக்கு மேல் காப்புரிமைகளை வழங்கியது. கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை உண்டு. உரிமையைத் தொழிலில் பயன்படுத்துகிறோமா என்று ஆண்டுதோறும் தர வேண்டியிருந்த அறிக்கை 2024 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆகிவிட்டது. கஞ்சிக்கோட்டில் உள்ள பாலக்காடு ஐஐடி, சிறுநீரிலிருந்து மின்சாரமும் உரமும் எடுக்கும் கருவியைச் செய்து காட்டியிருக்கிறது.