வலைக் கண்களில் அகப்பட்ட அலைகள்

1971ஆம் ஆண்டை யாழ்ப்பாணத்தவர் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அவ்வாண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்தினுள் நுழையத் தமிழ் மாணவனுக்கு 400க்கு 250 புள்ளிகளும், சிங்கள மாணவனுக்கு 227 புள்ளிகளும் தேவையெனக் கோடு கிழிக்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜோன்ஸ், ஆர். எல். பேர்ள் ஆகிய இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும், ஓர் அறிவுத்துறை எங்கே வளர்ந்தது, யாருக்கு அது எட்டாமற் போனது என்பதை அறிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

மின்காந்த அலைகளின் விதிகளை மக்ஸ்வெல் 1860களிலேயே வகுத்துவிட்டார். ஆனால், கோளம், உருளை போன்ற ஒழுங்கான வடிவங்களுக்கே அச்சமன்பாடுகளைத் தாளில் தீர்க்க முடியும். ஒரு விமானத்தை மின்னல் தாக்கினால் அதன் உடலெங்கும் என்ன நிகழும் என்று கேட்டால் பேனா நின்றுவிடும்.

ஜோன்சும் பேர்ளும் கண்ட வழி எளிமையானது. வெளியை ஒரு மீன்பிடி வலையாக எண்ணிக்கொள்ளுங்கள். வலையின் ஒவ்வொரு நூலும், தந்திக் கம்பிகளைப் போல மின்துடிப்பைச் சுமந்து செல்லும் ஓர் இரட்டைக் கம்பித் தடம். அத்தடத்திலுள்ள மின்னழுத்தமும் மின்னோட்டமும் கீழ்ப்படியும் சமன்பாடுகள், மின்புலமும் காந்தப்புலமும் கீழ்ப்படியும் சமன்பாடுகளின் அதே வடிவத்தைக் கொண்டவை. ஆகவே வலையில் ஓடும் துடிப்புகளைக் கணித்தால் அலையையே கணித்ததாகும்.

நான்கு தடங்கள் கூடும் ஒரு முடிச்சை 1 என்ற அளவுடைய துடிப்பு வந்தடைகிறது. எதிரே மூன்று தடங்கள் இணைந்து நிற்பதால், வந்த தடத்தில் −½ திரும்பிச் செல்கிறது. மற்ற மூன்றிலும் ½ வீதம் முன்செல்கிறது. ஆற்றல் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது: நான்கு கால்கள் சேர்ந்து ஒன்று. எதுவும் தொலையவில்லை. அலைமுகத்தின் ஒவ்வொரு புள்ளியும் புதிய சிற்றலையைப் பிறப்பிக்கிறது என்று 1690இல் ஹைகன்ஸ் நூலாக எழுதிய கருத்தே இங்கு எண்களாக உருப்பெறுகிறது. வலைக்கண் அலைநீளத்தின் பத்திலொரு பங்குக்கு மேற்படாதிருப்பது நன்று. பெரிதானால் பிழை மிகும். 1987இல் ஜோன்ஸ் முப்பரிமாண வெளிக்கேற்ற புதிய முடிச்சொன்றை அமைத்தபின் இம்முறை விரிந்த பயன்பாட்டுக்கு வந்தது.

இதன் உடன்பிறப்பான மற்றொரு முறையில் யாழ்ப்பாணத்துப் பெயரொன்று உண்டு. வெளியைச் சிறு முக்கோணங்களாக்கி, அனைத்தையும் ஒருங்கே தீர்க்கும் முறை அது. யாழ். பரி. யோவான் கல்லூரியிற் பயின்ற இரத்தினஜீவன் ஹூல், கட்டுபெத்தையிலும் இலண்டனிலும் கற்று, 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மின்காந்தச் சாதனங்களைக் கணினி கொண்டு ஆய்ந்து வடிவமைப்பது பற்றிய அவரது நூல் 1989இல் வெளிவந்தது. இந்த வடிவம் என்ன புலத்தைத் தரும் என்று கேட்பதோடு நில்லாமல், வேண்டிய புலத்தைத் தரும் வடிவம் எது என்று கணினியைக் கொண்டே தேடியது அவரது பங்களிப்பு. 2006இல் யாழ். பல்கலைக்கழகத் துணைவேந்தராக நியமிக்கப்பட்டபோதும், அச்சுறுத்தல்களால் அப்பொறுப்பை ஏற்க அவரால் இயலவில்லை.

அந்நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1990இல், போர் மீண்டும் மூண்டது. குடாநாடு மின்சாரமின்றி இருண்டது. ஜாம் போத்தலில் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கின் முன்னமர்ந்தே ஒரு தலைமுறை மின்னியலைப் படித்தது. 1974இல் தொடங்கிய யாழ். பல்கலைக்கழக வளாகத்துக்குப் பொறியியற் பீடம் வாய்க்க நாற்பது ஆண்டுகள் சென்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இலேயே முதல் மாணவர் அணி நுழைந்தது.

மேலே காட்டிய கணக்குக்குத் தேவை அரையும் காலும் கூட்டத் தெரிந்த அறிவும் ஒரு சாதாரணக் கணினியுமே. அத்தகைய அறிவு நம்மிடம் என்றும் குறைவாக இருந்ததில்லை. அது ஊன்றி நிற்பதற்கான இடத்தைத்தான் முதலில் புள்ளிக் கோடும், பின்னர் போரும், நம்மவரிடையே எழுந்த அச்சமும் பறித்தன. கிளிநொச்சியிற் கிடைத்துள்ள இடத்தையேனும் நாம் பேணிக்கொள்ள வேண்டும்.